துவக்கு எப்போது துவக்காகிறது?

கொழும்பிலிருந்து சென்ற மாதம் எமது இல்லத்துக்கு ஒரு புத்தக அலுமாரி வந்து சேர்ந்தது. அலுமாரி வந்தது என்று நாம் எழுதுகிறோமாயினும், உண்மையில் வந்தது தட்டையான ஓர் அட்டைப்பெட்டியே. அதனுள்ளே பலகைத் துண்டுகள் சிலவும், ஒரு பொட்டலம் ஆணிகளும், படம் போட்ட கடதாசி ஒன்றும் இருந்தன. இத்தகைய பெட்டியை வாழ்நாளில் முதன்முறையாகப் பிரித்து இருந்து பொருத்தியவர்களுக்கு எமது நிலை விளங்கும். ஒரு முழுப் பிற்பகல் கழிந்தது. கதவு ஒன்று தலைகீழாக அமைந்தது. எல்லாம் முடிந்தபின் இரண்டு ஆணிகள் மிஞ்சின. அவை எந்த இடத்துக்கு உரியவை என்பது இன்றுவரை எமக்குப் புலப்படவில்லை. அலுமாரி என்னவோ விழாமல் நிற்கிறது.

இதே மாதிரிப் பெட்டியில் கைத்துப்பாக்கியை அடைத்து அமெரிக்க தேசத்தில் விற்றார்கள் என்ற செய்தியை வாசக நேயர்களுட் பலர் அறிந்திருக்கலாம். ‘வாங்கு, கட்டு, சுடு’ என்பது அப்பெட்டிகளுள் ஒன்றின் பெயர். ஓர் ஆயுதத்துக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அதனுள் இருந்தன. ஆனால் அவற்றுள் முதன்மையான உறுப்பு மாத்திரம் சற்றே முற்றுப்பெறாத நிலையில் விடப்பட்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி அன்று, வெறும் பொருட்டொகுதியே என்று சொல்லிக்கொள்வதற்காகவே அந்தச் சிறு குறை விடப்பட்டது. முன்பின் அப்பெட்டியைக் கண்டறியாத ஒருவர், சாதாரண வீட்டுக் கருவிகளையும் எவரும் பார்க்கக்கூடிய யூரியூப் காணொளிகளையும் துணையாகக்கொண்டு, 21 நிமிடங்களில் அதனைச் சுடுகின்ற துப்பாக்கியாக ஆக்கிவிட்டார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. எமது அலுமாரிக்குச் சென்ற நேரத்தை நினைத்து நாம் வெட்கப்பட்டோம்.

அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கிறது. துப்பாக்கி வணிகம் செய்வோர் உரிமம் பெற்றாக வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் இலக்கம் பொறிக்கப்பட வேண்டும். எவருக்கு விற்றது என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். வாங்குவோரின் முன்வரலாற்றைச் சோதிக்கும் விதி பின்னர் வந்து சேர்ந்தது. பெட்டியில் வந்த துப்பாக்கிக்கோ இலக்கமுமில்லை, பதிவுமில்லை. குற்றம் நடந்த இடத்தில் அது கண்டெடுக்கப்படுமானால், அது எங்கிருந்து வந்தது, எவர் கைமாறி வந்தது என்று பின்தொடர வழியே இல்லை. ஆதலால் அதனைப் பேய்த்துப்பாக்கி என்று அங்குள்ளோர் அழைக்கலாயினர். மூலத்தைக் கண்டறிந்து தருமாறு பொலிசார் அனுப்பிவைத்த இத்தகைய துப்பாக்கிகள் 2017இல் ஏறத்தாழ 1,600. 2021இல் 19,000க்கு மேல். 2022இல் அரசு ஒரு விதியை இயற்றியது: எளிதில் துப்பாக்கியாக ஆக்கத்தக்க பெட்டியும் துப்பாக்கியே, அதற்கும் இலக்கம் வேண்டும், பதிவு வேண்டும். வழக்கு எழுந்தது. கீழ்மன்றங்கள் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2025 மார்ச் 26ஆந் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர் எழுவர் விதி நிற்கும் என்றனர், இருவர் மறுத்தனர்.

தமிழாசிரியனுக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் நீல் கோர்சச், அதில் இலக்கணம் நடத்தியிருக்கிறார்! செய்பொருட்களைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் பற்றியது அவருடைய விசாரணை. எழுத்தாளர் ஒருவர் பாதி எழுதிய கைப்பிரதியைக் காட்டி ‘எனது நாவலைப் படித்துப் பாருங்கள்’ என்கிறார். நாவல் இன்னும் முடியவில்லை, ஆயினும் அதற்கு நாவல் என்றே பெயர். ஐக்கியா என்னும் கடையில் மேசை வாங்கினேன் என்கிறார் இன்னொருவர். அவர் வாங்கியது பெட்டியிலிட்ட பலகைகள், ஆயினும் மேசை என்றே சொல்லுகிறோம். ஆகவே இன்னும் பொருத்தப்படாத ஆயுதத்தையும் ஆயுதம் என்று அழைப்பது மொழி வழக்குக்கு மாறானதன்று. இதுவே அவர் வாதத்தின் சாரம்.

இதனைப் படித்தபோது எமக்குப் பழைய நண்பர் ஒருவரைத் தெருவிற் கண்டாற்போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. ஏனெனில் இந்த வழக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பதஞ்சலி முனிவர் தமது மகாபாஷ்யத்தில் விசாரித்துவிட்டார். ஒருவன் நெசவாளனிடம் நூலைக் கொடுத்து, இந்த நூலுக்கு ஒரு துணி நெய்து தா என்கிறான். நெசவாளன் யோசிக்கிறான். துணி என்றால் அதை நெய்யவேண்டியதில்லை. நெய்யவேண்டியது என்றால் அது துணியன்று. இரண்டும் எப்படிப் பொருந்தும்? பின்பு அவனே தெளிகிறான்: இனி வரப்போகின்ற பெயரை இவர் இப்பொழுதே சொல்லுகிறார், எதை நெய்தால் துணி என்ற பெயர் உண்டாகுமோ அதை நெய்யச் சொல்லுகிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு எவராவது இந்த நெசவாளனைச் சாட்சியாக அழைத்திருந்தால் ஒரே நாளில் வழக்கு முடிந்திருக்கும் போலும்.

தமிழ் இலக்கணமும் இதனை அறியாததன்று. இரண்டாம் வேற்றுமைக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என ஆறு பொருள் கூறுவர். ஆக்கலுக்கு வகுப்பறைதோறும் சொல்லப்படும் உதாரணம் குடத்தை வனைந்தான் என்பது. வனையுமுன் குடம் எங்கே இருந்தது? சக்கரத்தின் மேல் இருந்தது மண். ஆயினும் குயவன் மண்ணை வனைந்தான் என்று யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கிணறு வெட்டுகிறோம், வெட்டுவது சுண்ணக்கல்லை. புட்டு அவிக்கிறோம், நீத்துப்பெட்டிக்குள் இருப்பது மா. அப்பம் சுடுகிறோம், தாச்சியில் விழுவது கரைத்த மா. (சுடுதல் என்னும் வினை அப்பத்துக்கும் துவக்குக்கும் பொதுவாக நிற்பது எம்மவர் மொழியின் வினோதங்களுள் ஒன்று.) பாதி வெட்டிய கிணற்றில் ஆடு விழுந்துவிட்டால், ஆடு கிணற்றுக்குள் விழுந்தது என்றுதான் ஊர் கூடும், நீர் காணாத குழி கிணறாகாது என்று எவரும் தருக்கம் பேசுவதில்லை.

ஆனால் மறுத்த நீதியரசரின் வாதமும் தள்ளத்தக்கதன்று என்பதைச் சொல்லவேண்டும். முற்றுப்பெறாத உறுப்பை முற்றுப்பெற்ற உறுப்பாகக் கொள்ளச் சட்டத்தின் சொற்கள் இடந்தரவில்லை என்று நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் எழுதினார். பஞ்சுப் பொதியைக் காட்டி இது துணி என்று ஒருவன் சொன்னால் நாமும் நகைப்போம் அன்றோ? எல்லை எங்கே என்பதே கேள்வி. பஞ்சு துணியன்று, தறியில் ஏறிய பாவு ஏறக்குறையத் துணி, இடையிலே நூல் நிற்கிறது. பெரும்பான்மையோரும் எல்லாப் பெட்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துவிடவில்லை. சில பெட்டிகளேனும் ஐயத்துக்கு இடமின்றித் துப்பாக்கியே. மற்றவற்றை அவ்வவற்றின் வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இருபத்தொரு நிமிடத் தூரத்தில் இருப்பதை மட்டும் இப்பொழுதே பெயரிட்டு அழைத்தார்கள். விரைவு பற்றி, வாராத காலத்தை வந்த காலமாகச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டது நினைவுக்கு வருகிறது. அடுக்களையிலிருந்து அழைக்கும்போது, கதிரையை விட்டு எழாமலே ‘வந்திட்டன், வந்திட்டன்’ என்கிறோமே, அதுதான்.

சொல்லைப் பற்றிப் பேசுகையில் எமது சொல்லையும் பார்த்துவிடுவோம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை யாழ்ப்பாணத்தில் துவக்கு என்கிறோம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. துருக்கியர் துஃபெக் என்றது பாரசீகத்தின் வழியாக இந்திய மொழிகளில் இறங்கி, தெலுங்கில் துபாக்கி, மலையாளத்தில் தோக்கு, சிங்களத்தில் துவக்குவ என உருமாறியது. ஆனால் ஈழத்தமிழனுக்குத் துவக்கு என்பது தொடங்கு என்னும் ஏவலுமாகும். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. தற்செயலாக ஒலி ஒன்றாயிற்று. பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டத்தைத் துவக்கி வைக்கும் துவக்கினிடத்தில் மாத்திரம் இரு சொற்களும் கைகோத்துக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த 1968ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஓட்டத் துவக்கையும் பெயர் குறித்து ஆயுதங்களுள் அடக்குகிறது. அதனையும் குண்டு பாயும் ஆயுதமாக எளிதில் மாற்றலாம் என்பதே காரணம். நாம் மாணவராயிருந்த போர்க்காலத்தில் எமது மைதானத்தில் விசில் ஊதியே ஓட்டம் தொடங்கினார்கள். வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் முன்னோக்கி ஓடமாட்டார்கள், தரையில் விழுந்து படுப்பார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தீவினருக்குக் கைவேலைத் துவக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்திறங்கிய சில தலைமுறைகளுக்குள், சிங்களக் கம்மியர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே புகழ்ந்தெழுதும் நிலை உண்டாயிற்று. கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்துசென்ற பொருட்களை நெதர்லாந்து அரசு 2023இல் திருப்பித் தந்தபோது, வெள்ளியும் பொன்னும் இரத்தினமும் இழைத்த சிறு பீரங்கியோடு இரண்டு பெருந்துவக்குகளும் கொழும்பு நூதனசாலைக்கு வந்தன. அவையும் ஒரு கைவினைஞன் முதன்முறையாகக் கற்றுச் செய்த தொழிலின் வழிவந்தவையே. 1971 சித்திரையில் தென்னிலங்கை இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கைகளில் வீட்டிற் செய்த குண்டுகள் இருந்தன. வடக்கிலே 1975 ஆடி 27ஆந் தேதி, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவில் முன்றலில் யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் வந்தவற்றை இங்கே எழுதவேண்டியதில்லை. துவக்குச் சட்டங்கள் மிகக் கடுமையான ஜப்பானிலேயே, 2022 ஜூலை 8ஆந் தேதி நாரா நகரில், முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டிற் செய்த துவக்கினாற் கொல்லப்பட்டார். பெட்டி இல்லாமலும் மனிதர் செய்துகொள்கிறார்கள்.

நாமும் ஒன்று செய்தோம். சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது.

1987ஆம் ஆண்டு எமக்கு வயது ஏழு. அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் இயக்கம்–ஆமி விளையாடிய காலம். துவக்கு இல்லாதவன் ஆமியாகக்கூட முடியாது, காயப்பட்டவனாகக் கிடக்கவேண்டும். இரண்டு நாள் காயப்பட்டுக் கிடந்த அலுப்பில், வளவில் விழுந்திருந்த பனைமட்டை ஒன்றை எடுத்து, கருக்கைச் சீவி, மாமாவின் வில்லுக்கத்தியாற் செதுக்கத் தொடங்கினோம். மட்டையின் அடி இயல்பாகவே அகன்று பிடிபோல இருக்கும். பாதி வேலையை மரமே செய்து தந்துவிடுகிறது. விசைக்கு ஒரு வளைந்த ஆணி. தோளில் மாட்டச் சைக்கிள் ரியூப்பில் அறுத்த நாடா. அடுப்புக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசிக் கறுப்பாக்கினோம். முழுதும் காய்ந்தபின் எட்ட வைத்துப் பார்த்தோம். எமக்கே அச்சமாயிருந்தது, அவ்வளவு பெருமையாயிருந்தது. கை விரலில் இரண்டிடத்தில் வெட்டுக்காயம். பிற்காலத்திற் பட்டம் பெற்ற நாளிலும் அப்படியொரு நிறைவை நாம் உணர்ந்ததில்லை என்பதே உண்மை.

அது ஐப்பசி மாதம். இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது. விளையாட வெளியே விடுவாரில்லை. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு விறாந்தையிற் காவல் நின்றோம். ஒழுங்கையின் அந்தத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்பதாக யாரோ சொன்னார்கள். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

“உதை இஞ்சை கொண்டா!”

“மட்டைதானே அம்மா...”

“மட்டையெண்டு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாறவனுக்குத் தெரியுமோ?”

பறித்துக்கொண்டுபோய் இரண்டாக முறித்து அடுப்பினுள் வைத்துவிட்டார். எண்ணெய் பூசியிருந்ததால் நன்றாக எரிந்தது. புட்டுப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. நாம் அழுதோம், அம்மா எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. படையினர் அன்று எமது ஒழுங்கைக்குள் வரவில்லை. அடுத்த ஒழுங்கையாற் போய்விட்டார்கள்.

குடத்தை வனைந்தான் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அந்த அடுப்பு எம் நினைவில் வரும். மட்டை எப்போது துவக்காயிற்று? நாம் செதுக்கி முடித்தபோது ஆகவில்லை. அதிலிருந்து ஒரு பருக்கைக்கல்லும் பாயாது. ஒழுங்கை முகப்பிலே காலடி கேட்ட அந்தக் கணத்தில் அது துவக்காயிற்று. பெயரை இட்டவன் செய்தவனல்லன், எதிரே வந்துகொண்டிருந்தவன். செய்தவன் மனத்தில் உள்ளது ஒன்று, பெட்டியில் எழுதியிருப்பது ஒன்று, எதிரே நிற்பவன் காண்பது ஒன்று. பதஞ்சலியின் நெசவாளன் இந்த மூன்றாமவனைப் பற்றி யோசிக்கவில்லை. துணிக்கு எதிரே யாரும் நிற்பதில்லையே.

சென்ற தவணை, உயர்தர வகுப்பில் இரண்டாம் வேற்றுமை நடத்தும்போது, சுவைக்காக இந்த அமெரிக்க வழக்கைச் சொன்னோம். மாணவர்கள் உற்சாகமாக இரு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி ‘பெட்டி பெட்டியே’ என்றது. மறு கட்சி ‘துவக்கே’ என்றது. வன்னியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் மாத்திரம் வாயே திறக்கவில்லை. மணி அடித்தபின் மேசையருகே வந்தான்.

“சேர், அந்த இலக்கம் போடுற கதை... அது இருந்தா, ஆற்றை துவக்கெண்டு கண்டுபிடிக்கலாமோ?”

“ஓம் தம்பி. அதுக்குத்தானே அந்தச் சட்டம். ஏன் கேக்கிறீர்?”

அவன் தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னான்.

யாழ்ப்பாண நகரத்து வாசகருக்குக் கட்டுத்துவக்கு என்பது பத்திரிகையில் ஒரு வரிச் செய்தி. வன்னியில் அது வயலோடு வயலாகக் கிடப்பது. பன்றியும் மரையும் யானையும் பயிரை அழிக்கும் ஊர்களில், சிலர் இரவிலே விலங்கு வரும் தடத்தில் கைவேலைத் துவக்கொன்றைக் கட்டி, குறுக்கே ஒரு கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்கள். கயிற்றில் எது முட்டினாலும் வெடிக்கும். சுடுகிறவன் அந்த இடத்தில் இல்லை. எதிரே வருவது யாரென்று பார்க்க அங்கே கண் இல்லை. உரிமமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தல் ஆகாது என்று 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. பயிர்க் காவலுக்கென்று உரிமத்தோடு துவக்குப் பெறவும் வழியுண்டு. ஆனால் அது மனுவும் விசாரணையும் காத்திருப்புமாக நீளும், யானை காத்திருப்பதில்லை. இதனை நாம் கட்டுத்துவக்குக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. ஓர் இரவில் ஒரு போகம் முழுவதையும் இழந்தவன் என்ன செய்வான் என்பதை, அரிசியைக் கடையில் வாங்கும் நாம் அறிந்துகொள்ளத்தான் சொல்லுகிறோம்.

மாணவனின் தகப்பனார் விடியற்புறம் நீர் திருப்பப் போனவர். வரம்பு வளைவில் முழங்காலுக்குக் கீழே வெடி பட்டது. அயலவர்கள் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காத்துவிட்டார்கள். பொலிசார் பிறகு போய்ப் பார்த்தபோது கயிறும் இல்லை, துவக்கும் இல்லை. யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். விடியப்போவதற்கு முன் அந்த இடத்தை அறிந்து போய் அவிழ்த்தவர் என்றால் அவர் தூரத்து ஊரவராக இருக்க முடியாது. இலக்கமும் இல்லை, பதிவும் இல்லை. நாம் மேலே எழுதிய பேய்த்துப்பாக்கி என்னும் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை என்று அப்பொழுது எமக்குத் தோன்றியது. மாணவனிடம் அதைச் சொல்லவில்லை.

“ஏத்தின ஆக்களிலை ஒராள்தான் கட்டினது எண்டு அம்மா நினைக்கிறா சேர்,” என்றான்.

“அப்பா என்ன சொல்லுறார்?”

“அப்பா ஒண்டும் சொல்ல விடுறேல்லை. அவையள் எல்லாரும்தானே தூக்கினவை எண்டு சொல்லுவார்.”

அந்த வருடம் அறுவடைக்கு அந்த அயலவர்கள் எல்லோரும் வந்து வெட்டிக்கொடுத்தார்களாம். ஒருவரும் கூலி வாங்கவில்லையாம். தகப்பனார் வரம்பிலே கதிரை போட்டு இருந்து, வெட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் தம் கையாலே தேநீர் வார்த்துக் கொடுத்தாராம். தாயார் மட்டும் அன்று முழுவதும் வீட்டுக்கு வெளியே வரவில்லை.